மூலையில் கருப்பு இல்லாத கார்டு

பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கரும்பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வாயாடிப் பெண்ணை எந்த வரிசையில் உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டை எப்படி முடிக்க வேண்டும், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேச நினைப்பவர்கள், அவளைப் பற்றி விசாரிக்கப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒரு தரம்தான் வருவார். மாமியார்கள் வருடம் முழுவதும் வருவார்கள்.

நான் வேலைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். முதல் இரண்டு வருடங்கள் கடற்கரை ஊரான கோட்டைப்பட்டினத்தில் இருந்தேன். ஒரு வியாபாரி தம் வீட்டு உள்கட்டைப் பெண் பிள்ளைகள் படிக்க ஒதுக்கியிருந்தார். என் மாணவிகள் எல்லோரும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுக்க வேறு ஓர் அம்மா வந்தார். தமிழும் கணக்கும் என் பொறுப்பு. நான் வெறும் நெற்றியும் வெள்ளைச் சேலையுமாகப் போய் நின்றபோது, அந்த வீட்டுப் பெண்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "சின்ன வயசா இருக்கீங்களே, ஒங்க சனங்க இன்னொரு நிக்காஹ் பண்ணி வைக்கலையா?" என்றார்கள். எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லை என்றேன். பாவம் என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தார்கள். கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். அதனால் பெண் விசாரிக்க வரும் உம்மாமார்கள், மகன் எழுதிய கடிதம் ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள். "வாத்தியாரம்மா, இந்தப் புள்ளைய இத வாசிக்கச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். அதில் ஓர் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எம்மவன் எழுதுனத ஊரான் வாயால கேக்க வெக்கமா இருக்கும்மா. வர்றவ வாசிக்கணும், நான் கேக்கணும்" என்றார். பெண் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டால் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். என் வகுப்பிலிருந்தே மூன்று சம்பந்தங்கள் முடிந்தன. படிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போனது உண்மை.

பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்து வேலை கிடைத்தது. பொன்னமராவதிக்கு வண்டித் தடத்தில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்த ஒரு சிற்றூரில் என்னைப் போட்டார்கள். ஓட்டுக் கூரையில் ஒற்றை அறை, பத்தொன்பது பெண்கள், நான் ஒருத்தி. எல்லாம் விவசாயக் குடும்பங்கள். கடற்கரைக்கும் இந்த ஊருக்கும் இடையில் ஒரு நாள் பயணம்தான். ஆனால் அந்த ஒரு நாளில் எல்லாமே மாறிவிடும் என்பது எனக்குத் தெரியவில்லை.

அங்கே ஐந்தாவதில் பொன்னழகி என்று ஒரு பெண் படித்தாள். பதின்மூன்று வயது. பதில் சொல்வதற்கு முன்னால் எதிர்க்கேள்வி கேட்கிற பெண். அவளுக்கு முறை மாப்பிள்ளை யாரும் இல்லை. அதனால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு நல்ல இடம் தேடி வந்திருப்பதாக அவளுடைய அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். சொந்த நிலம், குடிக்காத பையன். அந்த அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? மகள் தப்பித்தாள் என்று முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

ஒரு நாள் காலை இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். "சும்மா பள்ளியோடம் பாக்கலாம்னு வந்தோம்" என்றார்கள். சும்மா பள்ளிக்கூடம் பார்க்க யார் வருவார்கள்? பையனுடைய அம்மாவும் சித்தியும் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. பாய் போட்டு உட்கார வைத்தேன். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே பொன்னழகியைக் கூப்பிட்டு, என் மேசையில் இருந்த செய்தித்தாளை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கடற்கரையில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்ற நினைப்பு. அவள் ஒரு பத்தி முழுவதும் நிறுத்தாமல் வாசித்தாள். நான் பெருமையோடு பையனுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அந்த அம்மா பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நெற்றியை, கழுத்தை, வெறும் கைகளை.

"நாத்து நட வருமா பொண்ணுக்கு?" என்று சித்தி கேட்டார். வரும் என்றேன். கடைசியில் பையனுடைய அம்மா எழுந்து நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரம்மா. நீங்க படிச்சதால இப்படி ஆச்சா, இல்ல இப்படி ஆனதால படிச்சீங்களா?"

படித்த பெண்ணுக்குத் தாலி நிலைக்காது என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் இருந்தது. அதை நான் கேள்விப்பட்டிருந்தேன். மூட நம்பிக்கை என்று மனத்துக்குள் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் கண்ணால் கண்ட ஒரே படித்த பெண் நான்தான் என்பதை யோசித்துப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சுக்குச் சாட்சியாக நானே தினமும் காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா கேட்டது குத்தல் இல்லை. இப்போது எனக்குத் தெரிகிறது. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மகனின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அவருக்கு. ஆனால் அன்று எனக்கு இருபத்து நாலு வயது. பத்தொன்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது என் சொந்த விஷயம். பெண்ணைப் பற்றிக் கேட்க வந்தால் பெண்ணைப் பற்றிக் கேளுங்கள்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் சரியாகத்தான் பேசினேன் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பொன்னழகி வரவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. வாத்தியாரம்மாவாலேயே பதில் சொல்ல முடியவில்லை என்ற செய்தி ஊரைச் சுற்றியது. நான் சொல்ல மறுத்ததையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் மேலும் பதினோரு பெண்கள் நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் வரிசையாக வரவில்லை, வரவில்லை என்று போட்டுக்கொண்டு போனேன்.

பொன்னழகியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மணை போட்டு, மோர் கொடுத்து, எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"ஒங்களக் குத்தஞ் சொல்லலைங்க. நீங்க நல்லவுங்கதான். ஆனா எம்மக நெத்தியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. இனிமே வேணாம். இருக்குற எழுத்தும் மறந்து போகட்டும்."

நான் மூட நம்பிக்கை, விஞ்ஞானம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது நெல் குதிருக்குப் பின்னால் நின்றிருந்த பொன்னழகி முன்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வாத்தியாரம்மா, நீங்க ஆனா ஆவன்னா எழுதுனது எப்ப? அவுக செத்துப்போனது எப்ப? எது மொதல்ல?"

"ஏய், என்ன பேச்சு இது!" என்று அவள் அம்மா கையை ஓங்கினார். நான் தடுத்தேன். கணக்கில் இரண்டு தேதியைக் கொடுத்தால் எது முந்தியது என்று முதலில் பார் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே கேட்டாள். பதில் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அந்த மணையில் உட்கார்ந்து சொன்னேன்.

என் ஊர் அன்னவாசல் பக்கம். ஒன்பது வயதில் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தை வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவருக்குப் பதினைந்து வயது. திருச்சியில் உறவினர் கடையில் வேலைக்கு இருந்தார். எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, ஒரு நாள் அத்தை வீட்டில் தாயம் ஆடிக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தார். எழுத்துத் தெரிந்தவர் அந்த வீட்டில் மாமா ஒருவர்தான். அவர் மாடு பிடிக்க மணப்பாறைச் சந்தைக்குப் போயிருந்தார். அத்தை அடுப்படியிலிருந்து கேட்டார், "மூலையில கருப்பு தடவியிருக்கா பாரு." இல்லை என்றேன். "மஞ்ச இருக்கா?" அதுவும் இல்லை. "அப்ப ஒண்ணும் அவசரமில்ல. எரவாணத்துல சொருகி வை. மாமா வந்து படிக்கட்டும்" என்றார்.

நல்ல செய்தி என்றால் மூலையில் மஞ்சள், சாவு என்றால் கருப்பு. எழுத்துத் தெரியாத வீடுகளில் அதுதான் எழுத்து. இரண்டும் இல்லையென்றால் சும்மா நலம் விசாரிக்கும் கார்டு என்று அர்த்தம். நான் எக்கி நின்று கூரை விளிம்பில் சொருகினேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டு தாயம் ஆடினேன். மூன்றாம் நாள் மாமா வந்தார், நின்றபடியே படித்தார், கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டார். பையனுக்குக் கடுமையான காய்ச்சல், உடனே யாராவது புறப்பட்டு வரவும் என்று எழுதியிருந்தது. அவர்கள் திருச்சி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று காலை வரை அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"சொருகுனது இந்தக் கை" என்றேன் பொன்னழகியிடம். "அன்றைக்கு எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதற்கப்புறம் மூன்று வருடம் கழித்து என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் ஆனா ஆவன்னா எழுதினேன்."

பொன்னழகியின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு கேட்டார், "ஆத்தாடி, இத அந்தப் பொம்பளைகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம் இல்லை. சொன்னால், அந்தக் கார்டைச் சொருகியவள் நான் என்பதையும் சொல்ல வேண்டும். அதை மறைப்பதற்காகத்தான் மூக்குக்கு மேல் கோபப்பட்டேன். என் ஒருத்தியின் வலியை மூடிவைக்கப் பன்னிரண்டு பெண்களின் படிப்பைக் கொடுத்திருந்தேன்.

இனி பையனுடைய அம்மாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி? கல்யாணப் பேச்சு நடந்த வீட்டு வாசலில் நான் போய் நிற்க முடியாது. என்னைப் போன்றவள் எதிரே வந்தாலே சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். பொன்னழகியின் அம்மா அதைச் சொல்ல முடியாமல் சொன்னார். "நீங்க அங்கிட்டுப் போக வேணாம், தப்பா எடுத்துக்காதீங்க." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் முறுக்கிக்கொள்ள அது நேரம் இல்லை. கடிதம் எழுதலாம் என்றால் அந்த வீட்டில் படிக்க ஆளில்லை. அந்த அம்மா வாரா வாரம் பொன்னமராவதிச் சந்தையில் புளி விற்க வருவார் என்று தெரிந்தது. சந்தையில் யார் முன்னால் யார் வந்தாலும் சகுனம் பார்ப்பதில்லை.

போனேன். புளிக் குவியலுக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று முதலில் ஒதுங்கி நின்றேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் மறுத்ததை இங்கே தனியாகச் சொன்னால் போதாது என்று தோன்றியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"அன்றைக்கு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மா திகைத்துப் போய், "இங்கிட்டு நெழல்ல உக்காருங்க" என்று சாக்கை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். தாயக்கட்டையையும் சொன்னேன், எரவாணத்தையும் சொன்னேன், என் கையையும் சொன்னேன். "படித்தவளுக்குத் தாலி தங்காது என்கிறீர்கள். படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி அந்த வீட்டில் இல்லாததால் போனது என் தாலி" என்றேன். புளி வாங்க வந்தவர்கள் வாங்க மறந்து நின்றார்கள்.

அந்த அம்மா மடியைத் தடவி, அவிழ்த்து, நாலாக மடங்கிய ஒரு கார்டை எடுத்தார்.

"மூத்தவன் மலாய்க்குப் போயிருக்கான். முந்தாநாளு வந்துச்சு. கருப்பு இல்ல... அதான், சந்தைக்கு வாரப்ப யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிச்சுக்கலாம்னு..." கார்டை என்னிடம் நீட்டினார். "படிங்கம்மா. சீக்கிரம் படிங்க."

அந்தக் கார்டை வாங்கியபோது எனக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்வது! படித்தேன். கால் புண் ஆறிவிட்டது, வேலைக்குப் போகிறேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"புண்ணா? என்ன புண்ணு?"

"முன் கார்டிலேயே எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாரே."

"போன கார்ட இதே சந்தையிலதான் ஒருத்தருகிட்டப் படிக்கக் குடுத்தேன். சொகமா இருக்கானாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரே." அந்த அம்மா கார்டைத் திரும்ப வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "எம்புள்ள கால் புண்ணோட கெடந்துருக்கான். நான் இங்க சோறு தின்னுக்கிட்டு இருந்துருக்கேன்."

நான் எழுந்தேன். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள அஞ்சாவது முடிக்க இன்னும் எத்தன மாசம் கெடக்கு?"

நாலு மாதம் என்றேன். முடிக்கட்டும் என்றார்.

பொன்னழகி அடுத்த நாளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நின்றுபோனவர்களில் மேலும் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். நான்கு பேர் வரவேயில்லை. அவர்களுடைய பெயர்கள் இன்றும் வரிசையாக எனக்கு நினைவிருக்கின்றன. வைகாசியில் அந்த அம்மாவின் மகனுக்கும் பொன்னழகிக்கும் கல்யாணம் நடந்தது. கூப்பிட்டார்கள்; நான் போகவில்லை. போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். ஆனால் போகவில்லை. அன்று பிள்ளைகள் எல்லோரும் கல்யாண வீட்டில் இருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்க யாராவது வருவார்கள். ஓர் ஊரில் படிப்பு பெண்ணுக்குச் சீராக இருக்கும். அடுத்த ஊரில் அதுவே குறையாக இருக்கும். முதல் ஊரில் பலித்த பதிலை மூட்டை கட்டிக்கொண்டு இரண்டாவது ஊருக்குப் போகாதீர்கள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் உங்களைப் பற்றியும் விசாரிப்பார்கள். அப்போது கோபப்படாதீர்கள். உங்கள் பதிலுக்காகக் குதிருக்குப் பின்னால் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

நாற்பதுகளின் கடைசியில் நான் புதுக்கோட்டைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது ஒரு கார்டு வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். யார் வீட்டில் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டே, எப்போதும்போல வாங்கிய இடத்திலேயே நின்று படித்தேன். கல்யாணம் இல்லை. பொன்னழகி எழுதியிருந்தாள்:

"அம்மாவுக்கு வணக்கம். மகளை இன்று பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மஞ்சள் தடவியது என் மாமியார். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் மஞ்சள் தடவுவார்களா என்று கேட்டேன். இதுக்குத் தடவாம வேற எதுக்குடி தடவுறது என்றார்கள்."